தெசலோனிக்கி கடற்கரையில் ஒரே இசை மாளிகைக்கு ஏன் இரண்டு முகம்?

கேள்வி இதுதான்: கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில், கடலோர நடைபாதையின் கிழக்குக் கோடியில் ‘மெகாரோ மூசிகிஸ்’ என்று ஒரு இசையரங்க வளாகம். ஒரு கட்டடம் பழைய கோட்டை மாதிரி செங்கல் நிறத்தில் கனமாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே இன்னொன்று, கண்ணாடியும் நேர்கோடுமாக. ஒரே நிறுவனம், ஒரே பெயர்; அப்புறம் ஏன் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை? உள்ளே போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் போதுமா?

இரண்டுக்கும் நடுவே பத்து ஆண்டு இருக்கிறது. முதல் கட்டடம் 2000 ஜனவரி 2 அன்று திறந்தது. இரண்டாவது 2010-ல். ஊர்க்காரர்கள் எம்1, எம்2 என்றுதான் சொல்வார்கள். எம்1 கட்டியபோது இந்த நகரம் தன்னைப் பழம்பெரும் பைசாந்திய (அதாவது கிழக்கு ரோமப் பேரரசின்) நகரமாகக் காட்டிக்கொள்ள நினைத்தது. எம்2 வந்தபோது, உலகத்தோடு பேசும் துறைமுக நகரமாகக் காட்டிக்கொள்ள நினைத்தது. அந்த மனமாற்றம்தான் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. இனி கொஞ்சம் விரிவாக.

முதலில் பெயர். ‘மெகாரோன்’ என்பது ஹோமரின் காவியங்களிலேயே வரும் பழைய சொல். மைசீனி, திரின்ஸ், பைலோஸ் ஆகிய வெண்கலக் கால அரண்மனைகளில் நடுவே அடுப்பும் அதைச் சுற்றி நான்கு தூணும் வைத்து ஒரு பெரிய கூடம் இருக்கும். அரசன் உட்கார்ந்து விருந்தினரை வரவேற்கும் இடம். தொல்லியலாளர்கள் அதைத்தான் மெகாரோன் என்கிறார்கள். இன்றைய கிரேக்கத்தில் அது ‘மாளிகை’ என்ற பொருளில் புழங்குகிறது. ஏதென்ஸில் பிரதமர் அலுவலகத்தின் பெயர்கூட மெகாரோ மாக்சிமூதான். ஆக மெகாரோ மூசிகிஸ் என்றால் இசை மாளிகை. ஒரு கட்டடத்துக்கு இப்படிப் பெயர் வைத்த பிறகு அதைச் சாதாரணக் கொட்டகையாகக் கட்ட முடியாது.

இன்னொரு சுவையான விஷயம். மேற்கத்திய இசை உலகம் தினமும் பயன்படுத்தும் சொற்களில் பல இங்கிருந்து போனவை. ‘ஆர்க்கெஸ்ட்ரா’ பழைய கிரேக்க நாடகசாலையில் கோரஸ் என்ற பாடகர் குழு ஆடிப் பாடிய வட்டத் தரையின் பெயர். ‘ஓடியான்’ கூரை போட்ட பாட்டுக்கூடம். இன்றைய கிரேக்க மொழியில் அதே சொல் ‘ஓதியோ’ என்று மாறி இசைப்பள்ளியைக் குறிக்கிறது. தெசலோனிக்கியின் நடுவே இருக்கும் ரோமானிய அகோராவில், அதாவது பழைய சந்தைச் சதுக்கத்தில், ஒரு ஓடியான் இன்னும் நிற்கிறது, படிக்கட்டு இருக்கைகளோடு. எனவே இந்த ஊரின் முதல் இசையரங்கம் 2000-ல் வந்தது என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே அந்தப் படிக்கட்டைக் காட்டலாம்.

சரி, அப்படியொரு ஊருக்குப் பெரிய நவீன இசையரங்கம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? இந்த நகரம் இருபதாம் நூற்றாண்டில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1430 முதல் உதுமானியர் கையில் இருந்து 1912-ல்தான் கிரேக்கத்தோடு சேர்ந்தது. ஐந்து வருடத்தில், 1917 ஆகஸ்டில், பெருந்தீ வந்து நகரின் மையத்தைத் தின்றுவிட்டது. பிறகு 1920-களில் ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, அகதிகள் ஆயிரமாயிரமாக வந்து இறங்கினார்கள். 1943-ல் நாஜிகள் இங்கிருந்த யூதர்களை, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். நூற்றாண்டுகளாக இந்த ஊரின் பெரும்பகுதியாக இருந்த சமூகம் சில மாதங்களில் இல்லாமல் போனது. 1978 ஜூனில் நிலநடுக்கம். ஒவ்வொரு முறையும் வீடு கட்டுவதே முதல் வேலை. இசைக்கு வீடு கட்டும் முறை வர நாளாயிற்று.

ஆனால் இசை இல்லாமல் இல்லை. நகரம் கிரேக்கத்தோடு சேர்ந்த இரண்டே வருடத்தில், 1914-ல், அரசு இசைப்பள்ளி வந்துவிட்டது. வெனிசேலோஸ் பிரதமராக இருந்த காலம். புதிதாகச் சேர்ந்த நகரத்தில் அரசு முதலில் நிறுவியவற்றில் ஒரு இசைப்பள்ளியும் இருந்தது என்பது எனக்குப் பிடித்த தகவல். 1959-ல் சைப்ரஸைச் சேர்ந்த இசையமைப்பாளர் சோலோன் மிகாயிலிதிஸ் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். அதுதான் இன்றைய தெசலோனிக்கி அரசு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. இத்தனை பெரிய குழுவுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. பல்கலைக்கழகத்தின் விழா மண்டபத்தில் வாசித்தார்கள். பட்டமளிப்பு விழாவுக்காகக் கட்டிய கூடத்தில் பிராம்ஸின் சிம்பொனி!

மக்களின் இசை வேறு இடத்தில் இருந்தது. ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் ரெபெத்திகோ என்ற நகர்ப்புற எளிய மக்களின் பாடல்களில் பெரும் கலைஞரான வசிலிஸ் சிட்சானிஸ் இங்கேதான் இருந்தார். ஊசோ என்ற சோம்பு மது விற்கும் ஒரு சிறிய கடையும் நடத்தினார். புசூக்கி என்ற தந்தி வாத்தியமும், சிகரெட் புகையும், நாலு மேசையும் போதும் என்றிருந்த இசை அது. அதற்கு மாளிகை தேவைப்படவில்லை. இன்று அதே பாடல்கள் மெகாரோவின் மேடையிலும் ஒலிக்கின்றன, அதைக் கேட்கச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிறார்கள். முன்னேற்றமா, இழப்பா என்று கேட்டால், இரண்டும்தான்.

அடுத்தது ஏதென்ஸோடு உள்ள போட்டி. தெசலோனிக்கியைக் கிரேக்கர்கள் ‘சிம்ப்ரொதெவூசா’ என்பார்கள், அதாவது இணைத் தலைநகரம். பட்டம் மட்டும் கொடுத்துவிட்டுப் பணத்தையெல்லாம் ஏதென்ஸ் வைத்துக்கொள்கிறது என்பது இந்த ஊர்க்காரர்களின் நிரந்தரக் குறை. ஏதென்ஸில் 1991-ல் மெகாரோ மூசிகிஸ் திறந்தது. அதற்கான ஆசை 1950-களிலேயே பிறந்தது. பாடகி அலெக்ஸாண்ட்ரா திரியாந்தி அதற்காக ஓயாமல் உழைத்தார், திறப்பைப் பார்க்கும் முன்பே இறந்துவிட்டார். அங்கே வந்தால் இங்கேயும் வர வேண்டும் இல்லையா? 1997-ல் தெசலோனிக்கி ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. நகரம் முழுக்க அரங்கங்களும் அருங்காட்சியகங்களும் புதுப்பிக்கப்பட்ட காலம் அது. மெகாரோ அந்த ஆண்டைத் தாண்டி, புது நூற்றாண்டின் இரண்டாம் நாளில் கதவைத் திறந்தது.

இப்போது எம்1-க்கு வருவோம். அதன் செங்கல் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, நகர மையத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1028-ல் கட்டிய பனகியா ஹல்கியோன் என்ற தேவாலயம் முழுக்க முழுக்கச் செங்கல். அப்புறம் பதினான்காம் நூற்றாண்டின் பன்னிரு அப்போஸ்தலர் தேவாலயம். அதன் பின்சுவரில் செங்கல்லையே பூவேலை போல அடுக்கியிருப்பார்கள், ஜமுக்காளத்தில் நெய்த மாதிரி. இவையும் இன்னும் சிலவும் சேர்ந்து 1988-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறின. எம்1 அந்தக் குடும்பத்தில் தன்னையும் ஒருவனாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்படும் கட்டடம். கனமான சுவர், குறைவான திறப்பு, பழுப்புச் சிவப்பு நிறம்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பைசாந்தியத் தேவாலயங்கள் சின்னவை. செங்கல் வேலையை ஒரு ஆள் பக்கத்தில் நின்று கண்ணால் தடவிப் பார்க்கும் அளவில்தான் அவற்றின் அழகு. அதே பாணியை 1,400 பேர் உட்காரும் அரங்கத்தின் அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினால், நளினம் போய் முரட்டுத்தனம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எம்1 கொஞ்சம் பழைய ஆலைக் கட்டடம் மாதிரியும் தெரியும். அதுவும் பொருத்தம்தான் என்று சமாதானம் சொல்லலாம்: நகரின் இதே கிழக்குப் பகுதியில் அல்லத்தினி குடும்பத்தின் பழைய மாவு ஆலை செங்கல்லில்தான் நிற்கிறது. பதவி பறிக்கப்பட்ட சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதை 1909 முதல் 1912 வரை காவலில் வைத்திருந்த அல்லத்தினி மாளிகையும் செங்கல்தான்.

ஆனால் பைசாந்தியத்தை நகல் எடுத்தவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார்கள். அந்தத் தேவாலயங்கள் வெளியே அடக்கமாக இருக்கும். மொசைக்கும் தங்கமும் உள்ளே போனால்தான். எம்1-ஐயும் வெளித்தோற்றத்தை வைத்து எடைபோடக் கூடாது. உள்ளே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேட்பதில் என்ன சிக்கல் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு அரங்கம் ஏன் என்பதற்கு அங்கேதான் இன்னொரு விடை இருக்கிறது. மேடையில் ஒரு சுரம் நின்ற பிறகும் அது சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டுச் சிறிது நேரம் கூடத்தில் சுற்றும். அது அடங்க ஆகும் நேரம்தான் அரங்கத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் வாலஸ் சபைன். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவர் கணக்கில் எழுந்தது. முழு சிம்பொனிக்கு ஏறக்குறைய 2 வினாடி இருந்தால் ஒலி வெல்லப்பாகு மாதிரி திரண்டு வரும். ஓபராவுக்கு அதைவிடக் குறைவாக வேண்டும், இல்லாவிட்டால் பாடுகிறவரின் சொல் குழம்பிவிடும். மேடைப் பேச்சுக்கு ஒரு வினாடியே தாராளம்.

எம்1 போன்ற அரங்கத்தில் ஒரு வாரம் சிம்பொனி, அடுத்த வாரம் பாலே, அதற்கடுத்து மருத்துவர்கள் மாநாடு. ஓபராவுக்கும் பாலேவுக்கும் திரைச்சீலைகளையும் காட்சித் தட்டிகளையும் மேலே இழுத்துக்கொள்ள மேடைக்கு மேல் உயரமான கூடு தேவை. அதே கூடு சிம்பொனி நாளில் ஒலியை உறிஞ்சிக் குடித்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட பல்நோக்கு அரங்கங்களில் சிம்பொனி நாளன்று வாத்தியக்காரர்களுக்குப் பின்னாலும் மேலேயும் மரத் தடுப்புகளை நிறுத்தி, ஓடு போல மூடிவிடுவார்கள். பார்வையாளர்களும் ஒலியைக் குடிப்பவர்கள்தான். காலி அரங்கத்தில் ஒத்திகை பார்க்கும்போது முழங்கும் பித்தளை வாத்தியம், கூட்டம் நிரம்பியதும் சற்றே அடங்கும். குளிர்காலத்தில் வர்தாரிஸ் என்ற வடக்குக் காற்று வீசும் ஊர் இது. கனத்த கம்பளிக் கோட்டோடு ஆயிரம் பேர் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். கம்பளிக் கோட்டைக் கழற்றி வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போகச் சொல்வது மரியாதைக்கு மட்டுமில்லை, காதுக்கும் நல்லது.

1,400 இருக்கை சிம்பொனிக்குச் சரி. நான்கு பேர் உட்கார்ந்து வாசிக்கும் தந்தி வாத்திய நால்வர் குழுவை அங்கே வைத்தால்? கடைசி வரிசைக்காரருக்கு வில் அசைவது தெரியும், உள்மூச்சு கேட்காது. டிக்கெட்டும் அவ்வளவு விற்காது. பாதி காலியான பெரிய அரங்கத்தைவிட வாசிப்பவரைச் சோர்வடையச் செய்வது வேறு எதுவுமில்லை. அதற்குத்தான் எம்2-இல் சுமார் 500 பேருக்கான அரங்கம். ஏதென்ஸ் மெகாரோவிலும் முதல் நாளிலிருந்தே பெரியதும் சிறியதுமாக இரண்டு அரங்கம் இருந்தன. சிறியதற்கு திமித்ரிஸ் மித்ரோபூலோஸ் பெயர், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய அதே மித்ரோபூலோஸ். தெசலோனிக்கி தன் சின்ன அரங்கத்துக்குப் பத்து வருடம் காத்திருந்தது.

எம்2-ஐ வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் அராத்தா இசோசாகி. இவர் கிரேக்கத்துக்கு வந்தபோது இசையரங்கங்களில் பழுத்த ஆள்: கியோட்டோவின் இசையரங்கம் (1995), நாரா நூற்றாண்டு மண்டபம் (1999). பார்சலோனா ஒலிம்பிக்கின் பலாவ் சந்த் ஜோர்டி உள்ளரங்கமும் அவருடையதே. 2019-ல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு; 2022 டிசம்பரில் 91 வயதில் காலமானார். 1931-ல் ஒயித்தாவில் பிறந்தவர். கடலுக்கு அந்தப் பக்கம் ஹிரோஷிமா. குண்டு விழுந்தபோது வயது 14. தன் ஊரும் எரிந்து தரைமட்டமாகக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்ததால், கட்டடக்கலையில் தன் முதல் அனுபவமே வெறுமைதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். தீயில் அழிந்து திரும்ப எழுந்த ஒரு நகரத்துக்கு இப்படிப்பட்டவர் வந்து வேலை செய்தது தற்செயல்தான். இருந்தாலும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இசோசாகி புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்: பக்கத்துச் செங்கல் மாளிகையோடு போட்டி போடவில்லை, அதைப் போல நடிக்கவும் இல்லை. எம்1 சுவரை எழுப்பி உள்ளே திரும்பிக்கொள்கிறது என்றால், எம்2 கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கிறது. இடைவேளையில் வெளியே வந்து நிற்பவர் கண்ணுக்கு தெர்மைக்கோஸ் வளைகுடா. வானம் தெளிந்திருந்தால் எதிர்க்கரையில் ஒலிம்பஸ் மலை.

அந்த மலையைப் பார்க்கும்போது ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிவாரத்தில் தியோன் என்ற பழைய நகரம். 1992-ல் அங்கே அகழாய்வில் ஒரு நீர் ஆர்கன் கிடைத்தது. நீரின் அழுத்தத்தால் காற்றை ஊதிக் குழல்களை ஒலிக்கவைக்கும் கருவி. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்தின் மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்! பைசாந்தியப் பேரரசர்கள் ஆர்கனை அரண்மனையிலும் குதிரைப் பந்தயத் திடலிலும் வாசிக்கவைத்தார்கள். 757-ல் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் ஒன்றை ஃபிராங்க் மன்னன் பெப்பினுக்குப் பரிசாக அனுப்பினார். அப்படி மேற்கே போன கருவி அங்கே தேவாலயத்துக்குள் குடியேறியது. கிழக்கிலோ ஆர்த்தடாக்ஸ் வழிபாடு வாத்தியமே இல்லாமல் மனிதக் குரலோடு நின்றுகொண்டது. இன்று கிரேக்கத்தில் பெரிய குழல் ஆர்கனைக் கேட்க வேண்டுமானால் போக வேண்டிய இடம் ஏதென்ஸ் மெகாரோ. பான் நகரத்து க்ளைஸ் நிறுவனம் செய்த கருவி அங்கே இருக்கிறது. பைசாந்திய உடை போட்ட இசையரங்கம் என்ற யோசனையில் இருக்கும் வேடிக்கையும் இதுதான். பைசாந்தியத்தின் கோயில் இசைக்கு ஆர்க்கெஸ்ட்ராவே கிடையாது.

எம்2 திறந்த காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 மே மாதம் கிரேக்கம் தன் முதல் கடன்மீட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்ட அதே ஆண்டில் ஒரு பளபளப்பான கண்ணாடி மாளிகை திறப்பு விழா காண்கிறது என்றால் ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அடுத்து வந்த வருடங்கள் எந்த அரங்கத்துக்கும் சுலபமாக இல்லை. 2013 ஜூனில் அரசு ஒலிபரப்பு நிறுவனமான எர்ட்டை ஒரே இரவில் மூடியபோது அதன் ஆர்க்கெஸ்ட்ரா கண்ணீரோடு வாசித்த காட்சி உலகம் முழுக்கப் போனது. ஏதென்ஸ் மெகாரோ கடனில் தத்தளித்துக் கடைசியில் அரசின் பொறுப்புக்குப் போயிற்று. இந்தப் பின்னணியில் தெசலோனிக்கி மெகாரோ மாநாடு, பொருட்காட்சி, பிரபலப் பாடகர்களின் மாலை என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. விளக்கு எரிய வேண்டும், வாத்தியக்காரருக்குச் சம்பளம் போக வேண்டும்.

ஏதென்ஸில் 2016-ல் முடிந்த ஸ்தாவ்ரோஸ் நியார்கோஸ் பண்பாட்டு மையத்தோடு இதை ஒப்பிட்டுக் குறை சொல்பவர்கள் உண்டு. ரென்சோ பியானோ வடிவமைத்தது. பழைய குதிரைப் பந்தயத் திடலில் செயற்கைக் குன்று எழுப்பி, அதன் அடியில் தேசிய ஓபராவையும் தேசிய நூலகத்தையும் வைத்து, மேலே சூரிய மின்தகடு பதித்த பெரும் கூரையை மிதக்கவிட்டிருக்கிறார். அழகுதான், மறுப்பில்லை. ஆனால் அது ஒரே கையில், ஒரே அறக்கட்டளையின் பணத்தில், ஒரே மூச்சில் எழுந்தது. தெசலோனிக்கிக்கு அந்த வசதி இல்லை. தவணை முறையில் கட்டியது தவணையாகத்தான் தெரியும்.

நேரில் போக நினைத்தால்: அக்டோபர் முதல் மே வரை போங்கள். கோடையில் ஊரே திறந்தவெளிக்குப் போய்விடும். மலைச்சரிவில் இருக்கும் வன நாடக அரங்கத்தில்தான் கூட்டம். 2024 நவம்பர் கடைசியில் மெட்ரோ வந்துவிட்டது. அதில் ‘மார்ச் 25’ நிலையத்தில் இறங்கி அதே பெயருள்ள தெரு வழியே கடலை நோக்கி நடக்கலாம். மார்ச் 25 கிரேக்கத்தின் சுதந்திர நாள். மெகாரோவின் முகவரியே ‘மார்ச் 25 தெருவும் கடற்கரையும்’ என்றுதான் இருக்கும். ஆனால் நேரம் இருந்தால் மெட்ரோவை விட்டுவிடுங்கள். வெள்ளைக் கோபுரத்தில் தொடங்கி, சோங்கோலோபூலோஸ் செய்த குடைச் சிற்பத்தைத் தாண்டி, கடலோர நடைபாதையிலேயே வந்தால் மூன்று, மூன்றரை கிலோமீட்டர். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது கிளம்பினால் சரியாக இருக்கும். மேற்குவெயில் படும்போது எம்1-இன் செங்கல் சிவந்து, நான் மேலே சொன்ன முரட்டுத்தனம் பாதி குறைந்துவிடும். டிக்கெட் வாங்குவதானால் எம்1-இல் நடுவரிசைக்குச் சற்றுப் பின்னால் கேளுங்கள். சின்னக் குழு வாசிக்கும் நாளாக இருந்தால் யோசிக்காமல் எம்2.